தேர்ச்சி பெற்ற மூச்சு

நாற்பத்திரண்டு வருடங்களாகத் தனக்கு மூச்சு விடத் தெரியும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது வெறும் பழக்கம்தான், தகுதி ஆகாது என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நெஞ்சு நோய் மருத்துவமனையின் ஒன்பதாம் ஜன்னலில் தெரியவந்தது.

"அட்டை?" என்றார் ஜன்னலுக்குள் இருந்த மருந்துக்காரர்.

அவள் கணவர் மருந்துச் சீட்டை நீட்டினார். பதினோரு வருடமாக மாதம் ஒருமுறை அதே சீட்டு, அதே ஜன்னல், அதே நீல நிறப் பம்ப்.

"இது சீட்டு. நான் கேட்டது தேர்ச்சி அட்டை."

"எதுல தேர்ச்சி?"

"மூச்சுல."

கணவர் பஸ் கண்டக்டர். சில்லறை இல்லாதவர், சீட்டு இல்லாதவர், இறங்க வேண்டிய இடம் எதுவென்றே தெரியாதவர் என்று தினம் எண்ணூறு பேரைச் சமாளிக்கிறவர். அவருக்கே இது புதிதாக இருந்தது.

மருந்துக்காரர் சுற்றறிக்கையைப் பார்த்து ஒப்பித்தார். ஆய்வு ஒன்று நடந்ததாம். பம்ப் வாங்குகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் தப்பாக இழுக்கிறார்களாம். மருந்து நெஞ்சுக்குள் போகாமல் நாக்கிலேயே தங்கிவிடுகிறதாம். ஆகவே இனிமேல் சரியாக இழுக்கத் தெரியும் என்று தேர்வில் நிரூபித்தவர்களுக்கு மட்டும்தான் பம்ப். மற்ற ஜன்னல்களில் ஒரு வருடமாக இருக்கிற விதி, இந்த மாதம்தான் ஒன்பதாம் ஜன்னலுக்கு வந்திருக்கிறதாம்.

"அது வாஸ்தவம்தான்," என்றாள் மனைவி. அவளுக்கு எதிலும் நியாயத்தைப் பார்த்துவிடுகிற கெட்ட பழக்கம் உண்டு. "ஆரம்பத்துல நானும் தப்பாத்தான் இழுத்தேன். ஒரு நர்ஸம்மா இதோ இந்த வராந்தாவுல நிக்க வச்சு ரெண்டே நிமிஷத்துல சொல்லிக் கொடுத்தாங்க. அவங்க இருக்காங்களா?"

"அந்த நர்ஸ் போயாச்சு. அந்த ரெண்டு நிமிஷத்தை இப்ப ஒரு துறையாக்கிட்டாங்க. நாலாவது மாடி."

"வெளிக்கடையில வாங்கிக்கறோம், விடுங்க," என்றார் கண்டக்டர்.

"தர மாட்டாங்க. நெஞ்சு நோய்னு இங்க பதிவாகிட்டா உங்க நெஞ்சு எங்க பொறுப்பு. வேற எவரும் குறுக்க வர முடியாது."

அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் அலமாரி நிறைய நீலப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கொடுப்பது குறைந்துவிட்டதால் வைக்க இடமில்லாமல் சில பெட்டிகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தன.

கண்டக்டர் கையிலிருந்த பழைய பம்பைத் திருப்பிப் பார்த்தார். இன்னும் எத்தனை இழுப்பு மீதி என்று காட்டும் எண் அதன் முதுகில் இருக்கும். முப்பத்தெட்டு. நல்ல நாளானால் அவளுக்கு இரண்டு இழுப்பு போதும். பஞ்சு பறக்கிற நாளானால் ஆறு.

பஞ்சு அவள் தொழில். மெத்தைக் கடையில் தலையணை தைக்கிறாள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இரண்டு கையிலும் ஆறு தலையணையோடு அவருடைய பஸ்ஸில் ஏறி, "தலகாணிக்கு டிக்கெட் உண்டா?" என்று கேட்டவள் அவள்தான். "தூங்கிட்டு வந்தா உண்டு," என்றார் அவர். அன்றிலிருந்து அவருக்கு அவள் தலகாணி. அவளுக்கு அவர் விசில். கல்யாணப் பத்திரிகையில் இருந்த பெயர்கள் அந்தப் பத்திரிகையோடு பரணில் கிடக்கின்றன. பிற்பாடு அவளுக்கு இழுப்பு வந்து, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் கீச்சென்று சத்தம் கேட்க ஆரம்பித்தபோது, பயந்துபோன அவரிடம் அவள்தான் சொன்னாள்: "ஒண்ணுமில்லங்க. உள்ள உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிடுது."

அந்த நர்ஸம்மாவும் ஒன்று சொல்லியிருந்தாள். "சத்தம் கேக்கற வரைக்கும் பயப்படாதீங்க. மூச்சு முட்டும்போது திடீர்னு சத்தம் நின்னுதுன்னா, அப்பத்தான் ஓடணும்." கண்டக்டர் அதை மறக்கவே இல்லை. அவள் தூங்கும்போதுகூட அந்தக் கீச்சைக் கேட்டபிறகுதான் அவர் திரும்பிப் படுப்பார்.

நாலாவது மாடிக்கு லிஃப்ட் இருந்தது. கதவில் 'கல்வி உபகரணங்களுக்கு மட்டும்' என்று ஒட்டியிருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் ஆளுயர பிளாஸ்டிக் நுரையீரல் ஒன்றைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, அதற்கு நோகாமல் லிஃப்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள்.

நெஞ்சு நோயாளிகள் படியேறினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சுவரொட்டி: 'படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? அலட்சியம் வேண்டாம்!' அதன் கீழேயே உட்கார்ந்து நாலைந்து பேர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். தலகாணி இரண்டாம் மாடியில் ஒரு இழுப்பும் மூன்றாம் மாடியில் இரண்டு இழுப்பும் எடுத்தாள்.

வகுப்பறைக்கு அன்று காலைதான் பெயின்ட் அடித்திருந்தார்கள். 'இழுப்பைத் தூண்டும் எதிரிகள்' என்று சுவரில் ஒரு பட்டியல். ஒன்று, தூசி. இரண்டு, புகை. மூன்று, பெயின்ட் வாசனை. மூன்றாவது வரி இன்னும் காயவில்லை.

இயக்குநர் வந்தார். எல்லோரும் அவரைப் பெரிய டாக்டர் என்பார்கள். தாமே உருவாக்கிய துறை என்பதால் அவருக்கு அதில் பெற்ற பிள்ளை மாதிரி பாசம்.

"உங்களை நோயாளிகளேன்னு கூப்பிட எனக்கு மனசு வரல. மாணவர்களே!" என்று ஆரம்பித்தார். "இத்தனை வருஷமா மருந்து கொடுத்துக் கொடுத்தே நாங்க உங்களைக் கெடுத்துட்டோம். ஒருத்தர் மூச்சுத் திணறி ஓடி வருவார். உடனே எடுத்துக் கொடுத்துடுவோம். என்ன ஆச்சு? அவருக்கு மூச்சு வந்துடுச்சு. கல்வி வந்துச்சா? வரல! திணறிக்கிட்டு இருக்கிறவரால பாடத்தைக் கவனிக்க முடியாது. இது விஞ்ஞானம். அதனால திணறல் இல்லாதவங்களுக்குத்தான் இனிமே முதல் இடம்."

பின்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "ஐயா, திணறல் இல்லாதவன் இங்க எதுக்கு வரப்போறான்?"

"அருமையான கேள்வி. கேள்வி நேரம் கடைசியில."

கடைசியில் நேரம் இல்லை.

தேர்வை நடத்தியது ஒரு மேடம். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கும். நோயாளிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் பத்து செகண்டு. ஏழு படிகள்: மூடியைத் திற, குலுக்கு, மூச்சை முழுசாக வெளியே விடு, உதட்டைப் பொருத்து, அழுத்திக்கொண்டே மெல்ல இழு, பத்து விநாடி அடக்கு, விடு. தேர்வுக்குப் பயிற்சிப் பம்ப் தருவார்கள். அதே நீலம், அதே கனம். உள்ளே மருந்து மட்டும் கிடையாது.

தலகாணி ஐந்து படிகளைத் தலையணைக்கு உறை மாட்டுகிற மாதிரி அநாயாசமாகச் செய்தாள். ஆறாவதில் கண்ணை மூடி அடக்கினாள். முகம் சிவந்தது. இருமிவிட்டாள்.

"ஆறு செகண்டு. தோல்வி."

"மேடம், நெஞ்சு சுருங்கியிருக்கறதாலதான் அடக்க முடியல," என்றாள், தண்ணீர் குடித்துவிட்டு. "மருந்து போனா விரியும். விரிஞ்சா பத்தென்ன, இருபது அடக்குவேன்."

"நீங்க பத்து அடக்குங்க, மருந்து வரும்."

"மருந்து வந்தாத்தாங்க பத்து வரும்," என்றார் கண்டக்டர்.

"சார், ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்றோம். நான் ஒழுங்கான வரிசையில சொல்றேன், நீங்க தலைகீழா சொல்றீங்க."

அடுத்த வாரம் அவள் புத்திசாலித்தனமாக மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாலு இழுப்பு எடுத்துக்கொண்டு போனாள். ஒன்பது விநாடி வந்தது. பத்தாவதும் வந்திருக்கும். பத்து செகண்டு மேடம் பாதியில் வாட்சை நிறுத்திவிட்டார்.

"மருந்து எடுத்துட்டு வந்தீங்களா?"

"நாலு மாடிங்க மேடம்..."

"செல்லாது. மருந்து எடுத்துட்டு அடக்கினா அது மருந்தோட திறமை. உங்க திறமை எங்க?" மேடத்தின் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "உங்களுக்காகத்தான் சொல்றேன். வீட்டுல பயிற்சி எடுங்க." கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பயிற்சிப் பம்பைக் கொடுத்தனுப்பினார். "பத்திரம். இது ஆஸ்பத்திரி சொத்து."

சொந்தப் பம்பின் முதுகில் எண் பதினேழு.

சாயங்காலங்களில் சமையலறையில் பள்ளிக்கூடம் நடந்தது. அவள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள். அவர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணுவார். ஒன்று இரண்டு என்று எண்ணினால் அவளுக்குச் சிரிப்பு வந்து மூச்சு போய்விடுகிறது. அதனால் பஸ் வழித்தடத்தை எண்ணினார். டெப்போவிலிருந்து பத்தாவது நிறுத்தம் அவளுடைய மெத்தைக் கடை.

"டெப்போ தாண்டியாச்சு. பால் பூத்... தண்ணித் தொட்டி... கோர்ட்டு... பெரிய பள்ளிக்கூடம்... ரயில்வே கேட்டு..."

ரயில்வே கேட்டில் இருமல் வந்துவிடும்.

"கேட்டு எப்பப் பாரு மூடித்தாங்க இருக்கு," என்பாள் அவள், கண்ணில் தண்ணீரோடு.

"மூடினா என்ன. நின்னு போவோம். பஸ் எங்க ஓடிடப்போகுது."

"நீங்க விசில் கொடுத்துடாதீங்க. நான் ஏறாம விசில் கொடுக்கக் கூடாது."

"என்னைக்காவது கொடுத்திருக்கேனா?"

கொடுத்ததில்லை. மூன்று நிமிடம் தாமதம் என்று மெமோ வாங்கியிருக்கிறார். அவள் ஏறாமல் பஸ்ஸை எடுத்ததில்லை.

எண் ஒன்பதான அன்று அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாக நாலாவது மாடிக்குப் போனார். கெஞ்சினார். பத்து செகண்டு மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டி, முகம் மலர்ந்து, "வழி இருக்கே!" என்றார். நோயாளியால் முடியாதபோது வீட்டில் கவனித்துக்கொள்கிறவர் தேர்வு எழுதலாம். விதி பதினான்கு. கண்டக்டருக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

பயிற்சிப் பம்பை வாங்கினார். ஏழு படிகளும் அவருக்குத் தூக்கத்திலும் வரும். இருபத்திரண்டு வருடம் விசில் ஊதிய நெஞ்சு. பத்து தாண்டியது, இருபது தாண்டியது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்துவந்து சுற்றி நின்றார்கள். நாற்பத்துமூன்றில் அவர் போதும் என்று விட்டபோது கைதட்டல். அடுத்து ஊதிப் பார்க்கும் குழாயைக் கொடுத்தார்கள். ஒரே ஊது. முள் கடைசிக்குப் போய் இடித்துக்கொண்டு நின்றது.

பத்து செகண்டு மேடம் தலகாணியின் கோப்பைத் திறந்து எழுதினார்: அடக்கியது 43 விநாடி. ஊது திறன் முழு அளவு.

"மேடம், அது என் ஊது."

"தெரியும் சார். உங்களுக்குத் தனியாக் கோப்பு கிடையாதே. நோயாளி கோப்புலதான் எழுதணும்."

மறுநாள் இரண்டு பேருமாக ஒன்பதாம் ஜன்னலுக்குப் போனார்கள். தலகாணி நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். மருந்துக்காரர் கோப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கோப்பைப் பார்த்தார்.

"பம்ப் இல்லம்மா."

"தேர்ச்சி ஆகிட்டோமே!"

"ஆகிட்டீங்க. அதுதான் தொந்தரவு. நாற்பத்துமூணு செகண்டு அடக்கறீங்க. எனக்கே பன்னிரண்டுதான் வரும். உங்க நெஞ்சு உரம்னு எழுதியிருக்கு. கோப்பை மூடிட்டாங்க. 'கல்வியால் குணமடைந்தவர்'. குணமானவங்களுக்கு மருந்து கொடுத்தா என் வேலை போயிடும்."

அந்த நேரம் பார்த்து அவளுக்கு இழுப்பு வந்தது. கவுன்டரைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதுவரை ஏற, கீச்சுக் கீச்சென்று மூச்சு வாங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது நன்றாகவே கேட்டது.

"கேக்குதுங்களா?" என்றார் கண்டக்டர்.

"கேக்குது சார். எனக்குக் கேக்குது. கோப்புக்குக் கேக்கலையே." அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னாலிருந்த நீலப் பெட்டிகளில் ஒன்று நாற்காலியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுத்து மறுபடி நாற்காலியிலேயே வைத்தார்.

கோப்பைத் திறக்கிற அதிகாரம் பெரிய டாக்டருக்கு மட்டும்தான். பெரிய டாக்டர் விழா வேலையில் இருந்தார். துறைக்கு முதலாம் ஆண்டு நிறைவு. நாலு நாள் நடந்தார் கண்டக்டர். வாசலில் இருந்தவர் நாலு நாளும், "ஐயா உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கார், நல்ல சேதிதான்," என்று இனிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நாலாம் நாள் மத்தியானம் எண் பூஜ்யம் ஆனது. ஆன பிறகும் அவள் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா இருந்தாள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் அவள் முகம் மாறியது. கோப்பைப் பார்த்ததும் இன்னும் மாறியது.

"குணமானவங்கன்னு போட்டிருக்கு. இவங்களுக்கு நான் மருந்து ஆவி வச்சா, குணமாகலன்னு ஆகிடும். குணமாகலன்னா..." என்று மேல்மாடிப் பக்கம் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "இதைச் சிகிச்சைன்னு எழுத மாட்டேன். ஆவி எப்படிப் பிடிக்கறதுன்னு உங்களுக்குச் செஞ்சு காட்டறேன், சரியா? கல்வி," என்றாள்.

அந்தக் கல்வி இருபது நிமிடம் நடந்தது. தலகாணியின் உதட்டுக்கு நிறம் திரும்பியது. "இன்னும் ரெண்டு பாடம் எடுங்கம்மா," என்றாள் முகமூடிக்குள்ளிருந்து. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நாளைக்குள்ள கோப்பைத் திறந்தே ஆகணும்," என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, மேலே போன் செய்தாள்.

பெரிய டாக்டரே இறங்கி வந்தார். லிஃப்டில்தான் வந்தார்.

"அட, இவங்களைத்தானே தேடிக்கிட்டு இருக்கோம்! நாற்பத்துமூணு செகண்டு!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைக்கு மேடையில உங்களுக்குத்தான் முன்மாதிரி நோயாளி பட்டம்."

"ஐயா, அது நான் அடக்கினது. அவளால முடியாது. கோப்பைத் திறந்து ஒரு பம்ப்..." என்றார் கண்டக்டர்.

"குடும்பத்துக்குள்ள யார் அடக்கினா என்ன சார்? இப்பப் போய்த் திறந்தா நாளைக்கு யாருக்குக் கொடுக்கறது? அழைப்பிதழ் அடிச்சாச்சு. விழா முடிஞ்ச கையோட அங்கயே கையெழுத்து. பேனாவோட வர்றேன். போதுமா?"

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். "ஒரு ராத்திரிதானே," என்றாள். நியாயத்தைப் பார்த்துவிடுகிற அந்தப் பழக்கம்.

மறுநாள் காலை பிளாஸ்டிக் நுரையீரலையும் மேடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் லிஃப்ட் கிடைக்கவில்லை. முதல் மாடிவரை நடந்தாள். அதற்குமேல் அவர் முதுகில் ஏற்றிக்கொண்டார். அவருடைய காதுக்குப் பக்கத்தில் அந்தக் கீச்சு கேட்டுக்கொண்டே வந்தது.

"லக்கேஜுக்கு டிக்கெட் உண்டா?" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு எடுத்தாள்.

"பேசாம வாடி."

ஐந்தாம் மாடியிலிருந்த மண்டபம் நிறைந்திருந்தது. ஊழியர்கள் எல்லோரும் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. ஒன்பதாம் ஜன்னலைப் பூட்டிவிட்டு மருந்துக்காரர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தலகாணியை மேடையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கண்டக்டருக்கு மேடையில் இடமில்லை. கீழே ஓரமாக நின்றார்.

பெரிய டாக்டர் பேசினார்.

"போன வருஷம் இந்த மருத்துவமனை இருபதாயிரம் பம்ப் கொடுத்தது. இந்த வருஷம் வெறும் நாலாயிரம்! அதாவது, பதினாறாயிரம் பம்ப் தேவைப்படாத அளவுக்கு மக்களோட நெஞ்சை நாம உறுதியாக்கியிருக்கோம். சிலர் கேக்கறாங்க, தேர்வுல தோத்தவங்க கதி என்னன்னு. பெருமையாச் சொல்றேன், தோத்தவங்கள்ல நூத்துக்கணக்கானவங்க திரும்ப வரவே இல்ல. ஒருத்தர்கூட வந்து குறை சொல்லல. மருந்து இல்லாமலே அவங்களுக்கு நிம்மதி கிடைச்சிருக்கு!"

பலத்த கைதட்டல்.

மேடையில் தலகாணி நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்து முன்னால் குனிந்திருந்தாள். பணிவு என்று எல்லோரும் நினைத்தார்கள். கண்டக்டர் அவள் கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அது உள்ளே போய் வந்தது. கூட்டத்தின் இரைச்சலில் கீச்சு கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இரைச்சல்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"இந்த அம்மாவோட நெஞ்சு, ரெண்டு வாரம் முன்னாடி விசில் மாதிரிக் கத்தும்னு பத்து செகண்டு... மன்னிக்கணும், தேர்வு மேடம் சொன்னாங்க. இப்பக் கேளுங்க!" பெரிய டாக்டர் மைக்கை எடுத்து அவள் மார்புக்குப் பக்கத்தில் வைத்தார். மண்டபம் அமைதியானது.

ஒலிபெருக்கியில் ஒரு சத்தமும் இல்லை.

"கேட்டீங்களா? ஒரு கீச்சு உண்டா?"

கண்டக்டர் ஓடினார். மேடைப் படியில் இரண்டு ஊழியர்கள் அவர் தோளைப் பிடித்து, "சார், சார், போட்டோ எடுக்கறாங்க, குறுக்க வராதீங்க," என்றார்கள். "சத்தம் நின்னுடுச்சுய்யா! விடுய்யா!" என்று அவர் கத்தினார். "அதைத்தான் சார் அவரும் சொல்றார்," என்றார்கள்.

மேடையில் தலகாணியின் கையில் பயிற்சிப் பம்பைக் கொடுத்தார்கள். "ஏழு படியையும் ஒரு தடவை செஞ்சு காட்டுங்கம்மா. அப்புறம் கையெழுத்துதான்," என்று பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். அவள் பேனாவைப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். குலுக்கினாள். உதட்டைப் பொருத்தினாள். காலிப் பம்பை அழுத்தி, இழுத்தாள்.

"எல்லோரும் சேர்ந்து எண்ணுங்க!"

மண்டபமே எண்ணியது. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் கண் கூட்டத்துக்குள் அவரைத் தேடியது. கண்டுபிடித்தது. கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து அவர் ஊதினார், நீளமாக, வண்டியை நிறுத்தச் சொல்லி ஊதுகிற ஊது. விழாவில் இதுவும் ஒரு அம்சம் என்று சிலர் கைதட்டினார்கள். நாலு. ஐந்து. ஆறு. ரயில்வே கேட்டு. அவள் இருமவில்லை. ஏழு. எட்டு. ஒன்பது.

"பத்து!"

பத்தாவது நிறுத்தம். மெத்தைக் கடை. அவள் இறங்குகிற இடம்.

கேமரா மின்னியது. கைதட்டல் ஓயவில்லை. ஏழாவது படியான 'விடு' இன்னும் வரவில்லை என்பதை முதலில் கவனித்தது பத்து செகண்டு மேடம்தான். அவர் கையில் வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பத்துமூன்றைத் தாண்டியபோது அவர் அதை நிறுத்தினார்.

அவசரப் பிரிவு டாக்டரம்மாவும் மண்டபத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் ஓடிவந்து மேடையிலேயே நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். கீழே கொண்டுபோக லிஃப்டைத் திறந்தார்கள். மேடையில் தன் முறை வருவதற்காக அதற்குள்ளேயே காத்திருந்த நுரையீரலை வெளியே எடுத்துவைக்க நாலு நிமிடம் ஆனது. அது உடையக்கூடிய பொருள்.

பதினான்காம் நாள் தபாலில் தேர்ச்சி அட்டை வந்தது. தலகாணியின் பரணில் கிடந்த பெயர் அதில் தங்க எழுத்தில் இருந்தது. 'நேரடித் தேர்வில், அனைவர் முன்னிலையிலும், பத்து விநாடிக்கு மேல்.' கூடவே ஒரு கடிதம்: வீட்டுப் பயிற்சிக்காகக் கொடுத்த பம்பை நோயாளி நேரில் வந்து ஒப்படைக்க வேண்டும்.

கண்டக்டர் அட்டையை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் ஜன்னலுக்குப் போனார். எதற்குப் போகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. மருந்துக்காரர் அட்டையை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார்," என்றார். "கோப்பும் திறந்தாச்சு. ஐயா கையெழுத்துப் போட்டுட்டார். அன்னைக்கே போட்டுட்டார்." நாற்காலியிலிருந்து ஒரு நீலப் பெட்டியை எடுத்து ஜன்னல் வழியாகத் தள்ளினார். சற்று நின்று, இன்னொன்றையும் தள்ளினார். பிறகு இன்னொன்று. கையெழுத்து கேட்கவில்லை.

இப்போது அந்த மருத்துவமனையின் வெளிச்சுவரில் தலகாணியின் படம் ஆளுயரத்துக்கு இருக்கிறது. வாயில் பம்ப், விரிந்த கண். கீழே 'முன்மாதிரி நோயாளி'. பார்க்கிறவர்கள் அவள் கேமராவைப் பார்ப்பதாக நினைக்கிறார்கள். கண்டக்டரின் பஸ் தினம் ஆறு முறை அந்தச் சுவரைக் கடந்து, அதன் பக்கத்து நிறுத்தத்தில் நிற்கிறது.

ஒரு புதன்கிழமை அந்த நிறுத்தத்தில் பெரியவர் ஒருவர் ஏறினார். கையில் கோப்பு. நாலு மாடி ஏறி இறங்கிய முகம். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கீச்சுக் கீச்சென்று அவர் நெஞ்சு போட்ட சத்தம் முன்சீட்டுவரை கேட்டது.

கண்டக்டர் தோல் பைக்குள் கைவிட்டு நீலப் பம்பை எடுத்து, குலுக்கி, நீட்டினார்.

பெரியவர் பயந்துபோய்க் கையை ஆட்டினார். "என்கிட்ட... அட்டை... இல்ல தம்பி... ஏழு செகண்டுதான்..."

"நான் கேட்டனா? வாயைத் திறங்க. இழுங்க. எப்படி வேணாலும் இழுங்க."

பெரியவர் தப்பாகத்தான் இழுத்தார். கொஞ்சம் நாக்கில் போயிருக்கும். கண்டக்டர் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, வராந்தாவில் ஒரு நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே, மெல்ல, அழுத்தும்போதே, என்று சொல்லிக்கொடுத்து இன்னொரு இழுப்பு கொடுத்தார். அதற்கு இரண்டு நிமிடம் ஆனது.

"என்னப்பா, விசில் வரல?" என்று முன்னாலிருந்து டிரைவர் கத்தினார். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன.

"ஏறிக்கிட்டு இருக்காங்க," என்றார் கண்டக்டர்.

யாரும் ஏறவில்லை. பெரியவரின் தோள்கள் கீழே இறங்கும்வரை அவர் விசிலைத் தொடவில்லை.